மலைமேல் இன்னொரு அப்பா

ஜூன் 4, செவ்வாய்

இந்த டைரி லிஃப்ட் கம்பெனி கொடுத்தது. ஜனவரியில் நாலு நாள் "எண்ணெய் போட்டேன், கதவு சரி செய்தேன்" என்று எழுதிவிட்டு மூடி வைத்ததுதான். இன்று மறுபடி எடுக்கக் காரணம் என் வீட்டுக்காரி. "உங்க பொலம்பலை இனிமே எங்கிட்ட கொட்டாதீங்க, எங்கேயாவது எழுதி வச்சுக்குங்க, எனக்கு இருக்கறது ரெண்டு காதுதான்" என்று சொல்லிவிட்டாள். சரி, எழுதுகிறேன். காகிதம் எதிர்த்துப் பேசாது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பா ஒரு போட்டோ அனுப்பினாள். பாப்பா என்றால் தவழ்கிற பாப்பா இல்லை, கல்யாணமாகிப் போன என் ஒரே பெண். எங்கள் வாயில் இன்னும் பாப்பாதான். ஊருக்கு மேற்கே மலைமேல் அந்தக் காலத்துக் கோட்டை ஒன்று இருக்கிறதே, அதன் உச்சியில் எடுத்த படம். இடிந்த மதில், அதற்குப் பின்னால் வானம், கீழே வளைத்துப் போட்ட கம்பி மாதிரி ஆறு. அடியில் எழுதியிருந்தாள்: "நானும் அப்பாவும்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. நான் எப்போது கோட்டைக்குப் போனேன்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், அவள் பக்கத்தில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது சம்பந்தி. அவள் மாமனார்.

மாமனாரை மாமா என்று கூப்பிட்டால் வாய் வலிக்குமா?

ஜூன் 5, புதன்

போட்டோவை மறுபடி பார்த்தேன். சம்பந்திக்குத் தொப்பையே இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்னொரு போட்டோ. இந்த வாரம் கோட்டை வாசல். ஆணி அடித்த பெரிய மரக்கதவு, அதில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும். சம்பந்தி கையில் தண்ணீர் பாட்டில். பாட்டில் நிறைய இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏறியும் மனுஷனுக்குத் தாகமே எடுக்கவில்லை என்று அர்த்தம்.

அவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். ரிட்டையரான தபால்காரர். வாழ்நாள் முழுக்கப் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவர், அதனால் கால் இரண்டும் இரும்பு. நான் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க நானும்தான் ஏறி இறங்கினேன், ஆனால் ஒரு படி மிதிக்காமல். இந்த ஊரில் என்னளவுக்கு உயரம் போனவன் கிடையாது, என்னளவுக்குக் குறைவாக நடந்தவனும் கிடையாது.

மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் எழுந்தால் உலகம் அழிந்துவிடும் என்று நினைக்கிறவர். அவர் அப்பா வாராவாரம் தனியாக மலை ஏறிக்கொண்டிருந்தார். இவள் போய்ச் சேர்ந்துகொண்டாள். ஆரம்பம் இவ்வளவுதான்.

மதியம் போன் பண்ணினாள். பேசிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க டீ குடிங்க, ஆறிடும்" என்றாள். உடனே என்னிடம், "ம், சொல்லுப்பா, நீ என்ன பண்றே?"

அவருக்கு நீங்க. எனக்கு நீ. பெற்று வளர்த்தவன் என்ன இளப்பமா?

வீட்டுக்காரியிடம் சொன்னேன். (சொல்லக் கூடாது என்றுதான் ஒப்பந்தம். வாய் கேட்கவில்லை.) அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், "அவ நீன்னு சொல்றதுக்கு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆம்பளைதான் இருக்கான். அந்த மண்டுக்கு அது புரியல" என்றாள்.

மண்டு என்று சொன்னது மட்டும்தான் காதில் நின்றது.

ஜூன் 11, செவ்வாய்

முடிவு எடுத்துவிட்டேன். நானும் ஏறுவேன். சும்மா ஏற மாட்டேன், சம்பந்திக்கு முன்னால் போய் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, "வாங்க வாங்க, ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்பேன். பாப்பா அப்போது யாரோடு போட்டோ எடுத்துக்கொள்கிறாள், பார்க்கலாம்.

ஷூ வாங்கினேன். வீட்டுக்காரி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"பச்சை கலர்லயா?"

"இந்த சைஸ்ல இதுதான் இருந்தது."

"இதைப் போட்டுக்கிட்டு எங்கே, வீட்டை விட்டு ஓடப் போறீங்களா?"

"ஆமா."

"போகும்போது கேஸ் சிலிண்டருக்கு போன் பண்ணி சொல்லிட்டுப் போங்க."

ஜூன் 13, வியாழன்

பயிற்சி ஆரம்பம். தினமும் நான் பார்க்கிற கட்டடங்களில் உயரமானது ரயில்வே கேட் பக்கத்துக் குடியிருப்பு. பத்து மாடி. லிஃப்ட் ரூம் மொட்டை மாடியில். வழக்கமாக லிஃப்டில் போய் இறங்குவேன். இன்று கருவிப் பையோடு படியில் ஏறினேன்.

மூன்றாவது மாடி வரைக்கும் ராஜா. நாலாவது மாடியில் ஒரு செடித்தொட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன், செடியைப் பார்ப்பது போல. ஆறாவது மாடியில் செடி இல்லை, அதனால் செருப்பு வைக்கிற பலகையைப் பார்ப்பது போல உட்கார்ந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு அடித்த சத்தத்தில் மோட்டார் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் நான் வேலையே பார்ப்பது.

லிஃப்ட் ரூமில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. இத்தனை வருஷம் அதை நான் திறந்ததில்லை, தூசி வரும் என்று. இன்று காற்றுக்காகத் திறந்தேன். நேர் எதிரே மலை. அதன் தலையில் கோட்டை.

முறைத்தேன். அதுவும் முறைத்தது.

ஜூன் 16, ஞாயிறு

சம்பந்தி வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே, "வாங்க சம்பந்தி, உங்களைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார். பொய்யாகத்தான் இருக்கும், எல்லோரும் சொல்வதுதானே. ஹாலில் அந்த வாசல் போட்டோவை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் எதிரே. வேண்டுமென்றே அங்கே உட்கார வைத்தார்களா? இல்லை. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தது நான்தான்.

பாப்பா மலையைப் பற்றியே பேசினாள். மேலே ஒரு சுனை இருக்கிறதாம், தண்ணீர் வற்றுவதே இல்லையாம். மதிலில் ஓர் இடத்தில் கல் விழுந்து ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கிறதாம், அதில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியுமாம். "நீயும் ஒரு தடவை வாப்பா. அங்க நின்னு பாத்தா என்ன தெரியும் தெரியுமா?"

"என்ன தெரியும்?"

"வந்து பாரு."

"வர்றேன். அதுல என்ன இருக்கு? ஒரு நடை நடந்தா ஆச்சு" என்றேன். வீட்டுக்காரி இருமினாள்.

சம்பந்தி கவலையோடு, "மெதுவாவே ஏறலாம் சம்பந்தி. உங்களுக்குப் பழக்கம் இல்ல பாருங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்!

30-ம் தேதி ஞாயிறு என்று பேசிவிட்டு வந்தோம். பாப்பா காலண்டரில் வட்டம் போட்டாள். எனக்காகப் போட்ட வட்டம்.

ஜூன் 19, புதன்

ஐந்தாவது மாடி வரை உட்காரவில்லை!

ஜூன் 22, சனி

குடியிருப்பு செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், தினமும் படியிலயே போறீங்களே?" என்றார். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சிரித்து, கையை இப்படி அப்படி ஆட்டிவிட்டு ஏறிவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

செத்தேன்.

காலையில் குடியிருப்புக்குப் போனால் வாசலில் கூட்டம். ஒன்பதாவது மாடி தாத்தா இரண்டு நாளாகக் கீழே இறங்கவில்லையாம். நாலாவது மாடி டீச்சரம்மா காய்கறிப் பையோடு படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். லிஃப்ட் காலியாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே நிற்கிறது. ஒருவரும் ஏறவில்லை.

என்னைப் பார்த்ததும் டீச்சரம்மா பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லுங்க. கயிறா, மோட்டாரா?"

"எது கயிறு?"

"எங்கிட்ட மறைக்காதீங்க. ரிப்பேர் பண்றவரே அதுல ஏற மாட்டேங்கறீங்க. ரெண்டு வாரமா படியில போறீங்க. செக்யூரிட்டி கேட்டதுக்கு வாயைத் திறக்காம கையை வேற ஆட்டினீங்களாமே!"

நான் எவ்வளவோ சொன்னேன். லிஃப்ட் நன்றாக இருக்கிறது, கயிறு புதுசு, நேற்றுத்தான் பிரேக் பார்த்தேன் என்று. "அப்ப ஏன் படி?" என்று குடியிருப்புச் சங்கத் தலைவர் ஒரே கேள்வியாகக் கேட்டார். சம்பந்தியை ஜெயிக்க என்று எப்படிச் சொல்வது? "உடம்புக்கு நல்லதுன்னு" என்றேன். எல்லோரும் என் தொப்பையைப் பார்த்தார்கள். ஒருவர் கூட நம்பவில்லை.

எங்கள் கம்பெனி மேனேஜர் போன். "ஓட்டல்காரன் தன் கடையில சாப்பிடாம டிபன் பாக்ஸ் கொண்டு வந்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு நீங்க பண்ணின வேலை" என்றார்.

ஜூன் 28, வெள்ளி

தீர்வு கண்டுபிடித்துவிட்டார்கள். குடியிருப்பில் இருக்கும் எல்லோரையும் லிஃப்டில் நானே கூட நின்று மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவர வேண்டுமாம், பயம் தெளியும் வரை. எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளாக வேண்டுமாம்.

ஞாயிறு. 30-ம் தேதி.

கெஞ்சிப் பார்த்தேன். "வேற நாள் முடியாது" என்றார் மேனேஜர். பாப்பாவுக்குப் போன் பண்ணினேன். ரயில்வே கேட் குடியிருப்பில் லிஃப்ட் ரூம் வேலை, நாள் முழுக்க அங்கேதான், ஜன்னல் வழியாகக் கோட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. "பரவாயில்லப்பா, நானும் அப்பாவும் போயிட்டு வர்றோம்" என்றாள்.

பரவாயில்லையாம்.

ஜூன் 30, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

காலையிலிருந்து ஏறினேன், இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், விழுந்தால் என்மேல் விழலாம் என்பது போல. டீச்சரம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பதாவது மாடி தாத்தா கீழே வந்ததும், "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றார்.

நடுவில் கொஞ்சம் மூச்சுவிட லிஃப்ட் ரூமுக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தேன். கோட்டை மதில் மேல் இரண்டு புள்ளி. ஒரு புள்ளி பக்கத்தில் சிவப்பாக என்னவோ ஆடியது. உற்றுப் பார்த்தால் குடை. எங்கள் வீட்டிலிருந்து அவள் எடுத்துக்கொண்டு போன சிவப்புக் குடை. மழை இல்லை, வெயில் இல்லை, குடையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக் கூத்து நடக்கிறது. ஓஹோ, நான் இல்லாதது அவ்வளவு கொண்டாட்டமா என்று ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடி தெறிக்காதது ஆச்சரியம்.

மதியம் அவள் போன். குரலில் ஒரே குதூகலம். "அப்பா! பாத்தியா?"

எனக்குப் பொங்கிவிட்டது. "எதைப் பாக்கணும்? உங்க போட்டோவையா? அதான் வாராவாரம் பாக்கறேனே. எனக்கு வேற வேலை இல்ல பாரு! உனக்கென்னம்மா, ஒரு அப்பா வரலேன்னா இன்னொரு அப்பா ரெடியா இருக்காரு. நான் எதுக்கு நடுவுல? அவரையே வச்சுக்கோ."

சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. அவள் மூச்சு கேட்டது. அப்புறம்தான் போனது.

ஏண்டா அப்படிச் சொன்னே? இந்த வயசுல என்னடா உனக்கு இந்த வாய்?

ஜூலை 1, திங்கள்

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. பண்ணி என்ன சொல்வது?

ஜூலை 7, ஞாயிறு

போட்டோ வரவில்லை.

ஒன்பது மணி வரை போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் இல்லையோ என்று சார்ஜ் போட்டேன். சிக்னல் இல்லையோ என்று தெருமுனைக்குப் போனேன். சம்பந்தியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற போட்டோதான் என்றாலும் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. பச்சை ஷூ வாசலில் கிடக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஜூலை 10, புதன்

வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பாப்பா அவளிடம் அழுதிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அதை அவகிட்டயே கேளுங்க. நான் என்ன தபால்காரரா, இங்கேர்ந்து அங்கே கொண்டு போய்க் கொடுக்க?" என்றாள்.

அந்த வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

காலை மடக்கி உட்கார முடியவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். திட்டம் ஒன்றும் இல்லை. பாப்பா வருவாள், கோட்டை வாசலில் பிடித்துவிடலாம், நேரில் பார்த்தால் வாயில் ஏதாவது வரும் என்று ஒரு நப்பாசை. மலையடியில், முதல் வாசல் கல்லில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சம்பந்தி வந்தார். தனியாக.

"சம்பந்தி! நீங்களா?"

"நானேதான். ஏன், மலையை உங்க பேருக்கு எழுதி வச்சிருக்கா?" என்றேன். பழக்க தோஷம். உடனே, "பாப்பா வரலையா?" என்று கேட்டேன்.

"வரல. போன வாரமும் வரல. கால் வலிங்கறா. அந்த வயசுல என்ன கால் வலி? நான் ஒண்ணும் கேட்டுக்கல" என்றார். முகம் வாடியிருந்தது. சிரிக்காதபோது அவருக்கும் வயசு தெரிகிறது. "வாங்க, வந்தது வந்தாச்சு. ஏறுவோம்."

ஏறினோம். படிகளா அவை? ஒவ்வொன்றும் ஒரு ஸ்டூல் உயரம், நடுவில் தேய்ந்து வழுக்குகிறது. அந்தக் காலத்தில் கோட்டை கட்டினவன் எதிரி மூச்சு வாங்கியே சாகட்டும் என்று கட்டியிருக்கிறான். சம்பந்தி சாதாரண செருப்புதான் போட்டிருந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, "இங்கேர்ந்து பாருங்க சம்பந்தி, ஆறு நல்லா தெரியுது" என்பார். நானும் இரண்டு மூன்று தடவை ஆற்றைப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கிருந்து பார்த்தாலும் அதே ஆறுதான். எனக்கு மூச்சு திரும்பட்டும் என்று மனுஷன் நிற்கிறார், அதைச் சொல்லிக் காட்டாமல்.

இவரை எப்படித்தான் வெறுப்பது?

ஆணி அடித்த கதவு, அதைத் தாண்டி இருட்டாக ஒரு வளைவு, அப்புறம் கூரை போன தானியக் கிடங்கு, பச்சைப் பசேலென்று சுனை. அதற்கும் மேலே மதில். கல் விழுந்த அந்த ஓட்டை. கிட்டே போனதும் நான் இரண்டடி பின்வாங்கினேன். லிஃப்ட் குழிக்குள் எத்தனை மாடி ஆழமாக இருந்தாலும் எட்டிப் பார்ப்பேன், சுற்றிச் சுவர் இருக்கும். இங்கே சுவரே இல்லை, காற்றுதான் இருக்கிறது. சம்பந்தி என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "இப்ப பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஊர் முழுக்கக் காலடியில். ஆறு, பாலம், பாலத்து மேல் போகிற பஸ்ஸின் நிழல், வயல் வயலாக வேறு வேறு பச்சை, அதற்கு அப்பால் இன்னொரு மலை, அதற்கும் அப்பால் மலையா மேகமா என்று தெரியாத ஏதோ. இதைத்தான் வந்து பாரு, வந்து பாரு என்றாளா?

"அதோ, மஞ்சள் கட்டடம் தெரியுதா?" என்றார் சம்பந்தி. "அதுலதான நீங்க லிஃப்டுக்கு மேல உக்காந்து சாப்பிடும்போது பூனை வந்து டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போச்சு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம எப்படி இருக்கும்? அது ஆஸ்பத்திரி. அதுல ஒரு டாக்டர் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, நீங்க கதவைத் திறந்ததும் உங்க கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரியிலயே அழுதாராம். அந்த மூலையில கண்ணாடி மாளிகை, அங்க உங்களைத் திருடன்னு நினைச்சு உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. வாராவாரம் இதே கதைதான் சம்பந்தி. 'எங்கப்பா அங்க, எங்கப்பா இங்க.' எனக்கு உங்க எல்லா லிஃப்டும் மனப்பாடம்."

அவர் காலரை விடாமலே மேலே பேசினார்.

"ஒண்ணு சொல்லுவேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் தபால் கொடுத்த ஊர் இது. எந்தத் தெருவுல எந்த நாய் கடிக்கும்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். ஆனா இங்க வந்து நின்னா என் தெரு ஒண்ணாவது தெரியுதா பாருங்க. எல்லாம் மரத்துக்கு அடியில போயிடுச்சு. உங்க கட்டடம் மட்டும் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது. நான் அவளுக்கு எதைக் காட்டுறது? எனக்குப் பொண்ணு கிடையாது. இவ வந்து அப்பான்னு கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியல. ஆனா அவ 'எங்கப்பா'ன்னு பேச்சை ஆரம்பிச்சா, அது நான் இல்ல. சில நாள் வயித்தெரிச்சலா இருக்கும், சம்பந்தி. உள்ளதைச் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் நான் எரிந்துகொண்டிருந்த அதே அடுப்பில் இவரும் இன்னொரு பக்கம் உட்கார்ந்து எரிந்திருக்கிறார்.

அப்போது ரயில்வே கேட் பக்கத்துக் குடியிருப்பு கண்ணில் பட்டது. உச்சியில் என் லிஃப்ட் ரூம், தீப்பெட்டி அளவு. "அன்னிக்கு இங்க நின்னுதான் குடையை ஆட்டினா" என்றார். "நீங்க ஜன்னல்கிட்ட இருப்பீங்க, கண்டிப்பா பாப்பீங்கன்னு சொல்லி, கை வலிக்க வலிக்க ஆட்டினா. நானும் கொஞ்ச நேரம் ஆட்டிக் கொடுத்தேன். கீழ இறங்கினதும் முதல் வேலையா உங்களுக்குத்தான் போன். அப்புறம் என்ன ஆச்சோ, அன்னிலேர்ந்து கால் வலி."

பாத்தியா என்று அவள் கேட்டது அதைத்தான்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். வேண்டாம் என்று பாப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள்.

"பாத்தேன்" என்றேன்.

"என்னத்தை?"

"சிவப்புக் குடையை. அன்னிக்கே பாத்தேன்மா. நீ எனக்குத்தான் ஆட்டறேன்னு இந்த மண்டுக்குத் தெரியல."

மூக்கை உறிஞ்சினாள். "இப்ப எங்கேர்ந்துப்பா பேசறே? ஒரே காத்து சத்தமா இருக்கு."

"கோட்டை மேலேர்ந்து. அந்த ஓட்டை பக்கத்துல."

"பொய் சொல்லாதே."

"நம்பிக்கை இல்லேன்னா உங்கப்பாவைக் கேளு" என்று போனைச் சம்பந்தி கையில் கொடுத்தேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது வலிக்கவில்லை. கொஞ்சம் வலித்தது. ஆனால் கால் வலிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

ஜூலை 15, திங்கள்

லீவ். வீட்டில் படிக்கட்டே இல்லாதது பாக்கியம். வீட்டுக்காரி எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள், "யாரு முதல்ல மேல போனது?"

"அவர்தான்."

"அப்ப தோத்துட்டீங்க."

"ஆமா" என்றேன். ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மூன்று பேரும் போனோம். பாப்பாவுக்குக் கால் வலி சரியாகிவிட்டதாம்! மலையடியில் என் ஷூவைப் பார்த்து, "ஐயோ அப்பா, இந்தக் கலரா?" என்றாள். அதற்கு மேல் பழசு எதையும் கிளறவில்லை.

ஏறும்போது சம்பந்தியிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். உயரமான கட்டடங்களுக்குத் தபால் கொண்டுபோகும்போது என் லிஃப்டில் ஏறியிருக்கிறாரா என்று. "ஒரு தடவை கூட இல்ல. உள்ள போனாலே எனக்குப் பயம். எல்லா மாடியும் படிதான்" என்றார். அப்படியானால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் ஒரே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், எத்தனை தடவை மேலே போயிருப்போம்! அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் நாய்கள் பற்றிப் பேச்சு வந்தது, பிறகு மேனேஜர்கள், பிறகு நாய்களுக்கும் மேனேஜர்களுக்கும் உள்ள வித்தியாசம். சுனை வந்ததே தெரியவில்லை. மூச்சு வாங்கியதும் தெரியவில்லை.

மேலே ஓட்டை பக்கத்தில் நின்று, "அந்த மஞ்சள் கட்டடத்துக்குப் பின்னால ஒரு சந்து இருக்குமே?" என்று நான் கேட்டேன். மரத்துக்கு அடியில் மறைந்திருக்கிற தெருக்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார், இது எங்கே திரும்பும், அது எங்கே போய் முட்டும் என்று. என் கட்டடங்களுக்கு நடுவில் அவருடைய தெருக்கள் ஓடின. கேட்கக் கேட்க ஊர் புதுசாக இருந்தது.

பின்னால் ஒரு குரல். "நான் ஒருத்தி இங்க இருக்கேன்."

திரும்பினேன். சிவப்புக் குடையைக் கல்லில் தட்டிக்கொண்டு நின்றாள். "கீழேர்ந்து ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வர்றீங்க. நான் எதாவது சொன்னா காதுல விழுதா? இனிமே நீங்களே வந்துக்குங்க. நான் எதுக்கு நடுவுல?"

சம்பந்தி பதறிப்போய்ச் சமாதானம் சொல்ல ஓடினார். நான் நகரவில்லை. உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது, மூக்கு விடைத்திருந்தது, கண் எங்கேயோ பார்ப்பது போல எங்களையே பார்த்தது. அந்த மூஞ்சியை நான் தினமும் காலையில் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

சம்பந்தி என்னதான் மலை ஏறட்டும். அதை அவள் வாங்கியது என்னிடமிருந்துதான்.